மூலக்கூறின் அமைப்பை வைத்தே ஒரு சேர்மம் அலர்ஜிக்கு வேலை செய்யுமா என்று கணிக்க முடியுமா?

ஒரே குடும்பத்துச் சேர்மங்களுக்குள் என்றால் முடியும், நன்றாகவே முடியும். குடும்பம் தாண்டிவிட்டால் அந்தக் கணிப்பை நம்பாதீர்கள்.

மருந்து வேதியியல் வகுப்பில் நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பைரனெனமின்கள் என்ற அலர்ஜி எதிர்ப்புச் சேர்மக் குடும்பம். ரிச்சர்ட் கிராமர் குழு 1979-ல் வெளியிட்ட வேலை அது. பென்சீன் வளையத்தில் ஒட்டியிருக்கும் தொகுதியை மட்டும் மாற்றி மாற்றித் தயாரித்து, ஒவ்வொன்றையும் எலியில் சோதித்தார்கள். எதிர்ப்பொருள் உள்ள சீரத்தை எலியின் முதுகுத் தோலில் ஊசி போடுவார்கள். பிறகு ஒவ்வாமைப் பொருளை நீலச் சாயத்தோடு ரத்தத்தில் ஏற்றுவார்கள். தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், அலர்ஜியைத் தூண்டும் ஹிஸ்டமினைக் கொட்ட, ரத்தக்குழாய் கசிந்து, முதுகில் நீலத் திட்டு விழும். மருந்து கொடுத்த எலியில் திட்டு எவ்வளவு சிறுத்தது என்பதுதான் வீரியத்தின் அளவு. தொகுதியின் பண்புகளையும் வீரியத்தையும் இணைத்து ஒரு சமன்பாடு போட்டார்கள்; நீரை விரும்பும் தொகுதிகள் வந்தபோது வீரியம் கூடுவதை அது காட்டியது. அந்தத் திசையிலேயே போய், தொடக்கத்தில் இருந்ததைவிட சுமார் 1,000 மடங்கு வீரியமான சேர்மத்தை எட்டினார்கள். இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அதே சமன்பாட்டில் செட்டிரிசினைப் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. செட்டிரிசின், ஹிஸ்டமின் வந்து ஒட்டும் புரதமான எச்1 ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. குரோமோகிளைகேட்டோ, மாஸ்ட் செல் ஹிஸ்டமினை வெளியே விடாமலே தடுக்கிறது. இரண்டும் அலர்ஜி மருந்துதான், ஆனால் அமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இப்படி வெவ்வேறு சோதனைகளில் வந்த எண்களை ஒரே அட்டவணையில் கொட்டி மாடல் ஓட்டும் மாணவர் புராஜெக்ட்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பயிற்சித் தரவில் ஆர்-ஸ்கொயர் (மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) அழகாக வரும். புதுச் சேர்மத்தைக் கொடுத்தால் கவிழ்ந்துவிடும். எந்தச் சோதனையில் வந்த எண் என்பதை முதலில் பாருங்கள், மாடல் தேர்வு அப்புறம்.

எச்1 ஏற்பியை மட்டும் குறிவைத்தால் இன்று வசதி அதிகம். டாக்செபின் என்ற மருந்து ஒட்டியிருக்கும் நிலையில் அந்த ஏற்பியின் படிக அமைப்பு 2011-லேயே வந்துவிட்டது. மருந்தின் அமீன் நைட்ரஜனை 107-வது இடத்து ஆஸ்பார்டிக் அமிலம் பிடித்துக்கொள்வதை அதில் நேராகவே பார்க்கலாம், புது மூலக்கூறு அதில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்க்கும் டாக்கிங்கும் செய்யலாம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மருந்து எச்1 ஏற்பியைச் சரியாகவே அடைத்தது. ஆனால் உடலில் அது சிதையாமல் தேங்கியபோது இதயத்தின் ஹெர்க் என்ற பொட்டாசியம் கால்வாயையும் அடைத்து, துடிப்பைத் தாறுமாறாக்கியது. 1990-களில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை எடுக்க வேண்டிவந்தது. அதன் இடத்துக்கு வந்த ஃபெக்சோஃபெனடின், டெர்ஃபெனடினிலிருந்து உடலே உண்டாக்கும் கார்பாக்சிலிக் அமிலம்தான். அதனால் உங்கள் அட்டவணையில் ஹெர்க் கால்வாய்க் கணிப்புக்கும் ஒரு நிரல் கட்டாயம் ஒதுக்குங்கள்.