1970-களின் எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநர் சீட் குழிந்துவிட்டது. ஃபோம் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோமைத் தாங்குவது ஒரு கனமான ரப்பர் ஷீட். அதன் ஓரத்துக் கம்பிக் கொக்கிகள் இரும்பு ஃபிரேமில் மாட்டியிருக்கும். பழைய ரப்பர் இறுகி வெடித்து, பெரும்பாலும் கொக்கி பிடிக்கும் இடத்தில்தான் முதலில் கிழியும். ஒன்று விட்டதும் அதன் பாரம் பக்கத்துக் கொக்கிக்குப் போய் அதையும் கிழிக்கும். இந்த நிலையில் புது ஃபோம் வைத்தால் அதுவும் கிழிசல் வழியே பிதுங்கிக் கெட்டுப்போகும்.

சீட்டை இறக்க 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும். மெட்ரிக் ஸ்பேனரைத் திணித்தால் போல்ட் தலை மழுங்கும். முந்தின இரவே காருக்கு அடியிலிருந்து போல்ட் முனைகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். தரையோடு பற்றவைத்த நட் பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால் அரை நாள் வேலை கூடும். சீட்டை முன்னே தள்ளிப் பின் போல்ட்டையும், பின்னே தள்ளி முன் போல்ட்டையும் கழற்ற வேண்டும். சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் மரச்சட்டங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உளுத்திருந்தால் அதே கனத்தில் புதிது செய்துகொள்ளுங்கள்.

உறையைப் பிரிக்காமல் அடியிலிருந்தே புது ஷீட்டை மாட்டுகிறவர்கள் உண்டு. மாட்டவும் முடியும். ஆனால் ஃபோம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். அழுத்தினால் பொடியாக உதிர்கிற ஃபோமை அப்போதே மாற்றிவிடுவது நல்லது. பிரிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி தொண்டையைப் பிடிக்கும். ஃபிரேமில் கொக்கி மாட்டும் துளைகளைத் தேய்த்து, துரு எடுத்து, பெயின்ட் அடியுங்கள். கூரான விளிம்பை அரம் கொண்டு மழுக்குங்கள்.

புது ஷீட்டைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டால் இளகும். ஒரு பக்கமாக வரிசையாக மாட்டிக்கொண்டே போனால் கடைசிக் கொக்கி எட்டவே எட்டாது. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இடம், வலம் என்று எதிரெதிராக, நடுவிலிருந்து மூலைக்குப் போங்கள். நீள மூக்குக் குறடு போதும். வழுக்குகிறதே என்று கிரீஸ் மட்டும் தடவாதீர்கள், எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீரே போதும். கொக்கியின் திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் ஃபோமைக் குத்தும். ஷீட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் சாக்குத்துணி ஒரு மடிப்பு விரியுங்கள், உராய்வு குறையும்.

ஷீட் கிடைக்காவிட்டால் 50 மி.மீ. அகல ரப்பர் வார் வாங்குங்கள். சாதாரண சணல் வாரில் நெகிழ்வு இல்லை, பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ரப்பர் வாரைத் தளர்வாகவும் போடக்கூடாது. சுமார் 10 சதவீதம் இழுத்து மாட்ட வேண்டும். ஃபிரேம் இடைவெளி 40 செ.மீ. என்றால், கிளிப் உட்பட 36 செ.மீ. வருகிற மாதிரி வெட்டுங்கள். முனைகளில் இரும்புக் கிளிப்பைச் சுத்தியலால் அடித்தால் கோணலாகி உருவிக்கொள்ளும். வைஸில் (பட்டறை மேசையில் இருக்கும் இறுக்குப்பிடியில்) வைத்து இறுக்குங்கள். இரண்டு வார்களுக்கு நடுவே ஒரு வாரின் அகலத்துக்கு மேல் இடம் விடாதீர்கள்.

புது ஷீட், புது ஃபோம் இரண்டும் சேர்ந்தால் முதலில் சீட் உயரமாகத்தான் தெரியும். ஓட்டுபவர் நெடுநெடுவென்று இருந்தால் தலை துணிக்கூரையில் இடிக்கும். உட்கார உட்காரக் கொஞ்சம் அமுங்கும். அதற்குள் அவசரப்பட்டு ஃபோமைச் சீவிவிட வேண்டாம்.