சி.டி. ஸ்கேனிலிருந்து சிறுநீரகத்தின் திண்ம மாதிரியைச் செய்ய முடியுமா?

வேலூரில் தந்தைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனைக் கொண்டு அவருடைய சிறுநீரகத்தின் மாதிரியைக் காட்பாடியில் உள்ள தங்கள் கல்லூரியின் முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்; ஆனால் பிலிம் உதவாது, ஸ்கேன் மையம் தரும் குறுந்தகட்டில் உள்ள டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வகை) கோப்புகளே வேண்டும்.

அவை உடலின் குறுக்குவெட்டுப் படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் ஓர் எண் உண்டு: நீருக்கு 0, காற்றுக்கு -1000, கெட்டியான எலும்புக்குப் பல நூறு. ஆகவே எலும்பைக் கணினி எளிதில் பிரித்துவிடும். சிறுநீரகம், கல்லீரல், தசை ஆகியவற்றின் எண்களோ ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால், உறுப்புகளைத் துலக்கிக் காட்டும் மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தி எடுத்த ஸ்கேனாக இருந்தாலும், த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் படம் படமாக எல்லையைச் சரிபார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போகும், அதனோடு ஒப்பிட்டால் அச்சிடுவது சின்ன வேலை.

வெட்டுகளின் இடைவெளி 5 மி.மீ. என்றால் மேற்பரப்பு படிக்கட்டு போலாகும், 1 மி.மீ. இடைவெளியுள்ள படத்தொடர் இருக்கிறதா என ஸ்கேன் மையத்தில் கேளுங்கள். படிகளை மறைக்க மிகையாக மழுக்கினால் மெல்லிய இரத்தக் குழாய்கள் மறைந்துவிடும். அச்சுப்பொறிக்காக உருவாக்கும் எஸ்.டி.எல். என்ற முப்பரிமாண வடிவக் கோப்பில் அளவின் அலகு (மி.மீ.யா, செ.மீ.யா என்பது) பதிவாகாது என்பதால், அச்சிடுமுன் நீளத்தைப் பாருங்கள்: வயதுவந்தவரின் சிறுநீரகம் பொதுவாக 10 முதல் 12 செ.மீ. இருக்கும்.