எங்கள் பகுதியின் சுகாதார, தண்ணீர் வசதித் தகவல்களை வரைபடமாக்க எந்த மென்பொருள் நல்லது?

மென்பொருளுக்குக் கடைசியில் வருகிறேன். நாலைந்து தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, வரைபடம் தெளிவாக வந்துவிட்டால் அதிகாரிகள் அசைந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

ஆறு பேர், இரண்டு மாதம். பொதுக்குழாய்கள், சுகாதார நிலையம், குப்பை கொட்டும் இடங்கள் எல்லாவற்றையும் குறித்தோம். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் 500 மீட்டருக்கு ஒரு நீல வட்டம். குடியிருப்பு முழுக்க நீலமாகிவிட்டது. தண்ணீர் எட்டாத வீடே இல்லை என்று பூரித்துப்போனோம். அதைச் சுவரில் ஒட்டி மக்களுக்குக் காட்டியபோது ஒரு மூதாட்டி தன் வீட்டின் மேல் விரலை வைத்தார். "குழாய் பக்கத்தில்தான் இருக்கிறது தம்பி. நடுவில் கால்வாய் ஓடுகிறதே, நான் எப்படித் தாண்டுவது?"

மறுநாள் விடியற்காலையில் அவருடன் நடந்தேன். பாலம் வரை சுற்றிப் போக 14 நிமிடம், வரிசையில் 25, நிறைகுடத்தோடு திரும்ப 19. வழியில் இரண்டு முறை குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். ஆக 58 நிமிடம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த அளவுகோலின்படி, போய்வரவும் வரிசையில் நிற்கவும் சேர்த்து 30 நிமிடத்தைத் தாண்டினால், தண்ணீர் சுத்தமானதாகவே இருந்தாலும் அது 'அடிப்படை' வசதி ஆகாது. எங்கள் வரைபடத்தில் அந்த வீடு நீலம்!

வட்டம் போடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான ஊர்களை ஒரே நேரத்தில் கணக்கெடுப்பவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஒரே குடியிருப்புக்குள் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. 1854இல் லண்டன் சோஹோவில் பரவிய காலராவைப் பற்றி மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த வரைபடத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அதன் பிந்தைய வடிவத்தில், நோய் பரவக் காரணமான பிராட் தெரு அடிகுழாய்க்கும் சுற்றியுள்ள மற்ற குழாய்களுக்கும் சமதூரத்தில் இருக்கும் இடங்களை ஒரு கோட்டால் இணைத்திருக்கிறார். நேர்க்கோட்டுத் தூரமல்ல, தெருவழியே நடக்கும் தூரம். அன்று அவருக்குத் தோன்றியது, கணினியோடு உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தோம். காசநோயாளிகள் இருந்த வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். பெயர் எழுதவில்லையே என்று நினைத்தோம். மூன்றே வீடுகள் உள்ள சந்தில் பெயர் எதற்கு? ஒரு பெண் வந்து "எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றே எடுத்துவிட்டோம். நோய் விவரத்தைப் பல தெருக்களுக்குச் சேர்த்தே காட்டுங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் அதையும் மறைத்துவிடுங்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை அச்சானபோது, காகிதச் செலவை ஏற்றவருக்கு அரைப் பக்கம் நன்றி போட்டார்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய இரண்டு மாணவிகளின் பெயர் எங்குமே இல்லை. அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. பெயர்ப் பட்டியலை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

மென்பொருள்: வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் போதும், இலவசம். கைப்பேசியில் படிவம் நிரப்ப கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது. இடத்தைப் பதியும்போது திறந்த வெளியில் சற்று நேரம் நில்லுங்கள். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே நின்று பதிந்தால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும், கால்வாய் இருந்தால் அதன் மறுகரையில்கூடப் போய் விழும்.