ஒப்பந்தத்தில் எழுதிய தொகையே கடைசித் தொகை அல்ல

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் இந்து திருமணச் சட்டத்தின்படி பரஸ்பர சம்மத விவாகரத்துப் பெற்றோம். எட்டு வயது மகள் என்னிடம் வளர்கிறாள். அவளுக்காக மாதம் 8,000 ரூபாய் தருவதாக அவரும், எதிர்காலத்தில் வேறு எதையும் கோரமாட்டேன் என்று நானும் எழுதிக் கொடுத்தோம். அது தீர்ப்பாணையிலும் சேர்க்கப்பட்டது. இப்போது செலவு கூடிவிட்டது. கூடுதலாகக் கேட்டால், "நீயும்தான் சம்பாதிக்கிறாய்" என்கிறார். ஐந்து மாதமாக அந்த 8,000 ரூபாயும் வரவில்லை. நியாயமாக எவ்வளவு கேட்கலாம்?

பதில்: நீங்கள் எழுதிக் கொடுத்த வாசகம் உங்களுக்கான ஜீவனாம்சத்தைக் கட்டுப்படுத்தக்கூடும், மகளின் பராமரிப்பைக் கட்டுப்படுத்தாது. அது அவளுடைய உரிமை. அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, விவாகரத்துக்குப் பிறகும் குழந்தையின் பராமரிப்பு, கல்வி பற்றிய உத்தரவுகளை அவ்வப்போது மாற்றியமைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே தொகையை உயர்த்தக் கோரி, தீர்ப்பாணை வழங்கிய குடும்பநல நீதிமன்றத்திலேயே நீங்கள் மனு செய்யலாம்.

எவ்வளவு என்பதற்கு வருவோம். தந்தையின் சம்பளத்தில் 25 சதவீதம் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். குழந்தைக்கு இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எந்த விதியும் இல்லை. அவருடைய சம்பளத்திலிருந்து கணக்கைத் தொடங்காமல், மகளின் செலவிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. பள்ளிக் கட்டண ரசீது, வேன் கட்டணம், சீருடை, மருந்துக்கடை பில் என்று ஓராண்டுக்கு உரியவற்றைத் திரட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். ஜூன் மாதத்தில் மொத்தமாகக் கட்டும் கட்டணத்தை மாதச் செலவில் சேர்க்க மறந்துவிடுவதால்தான் பல மனுக்களில் தொகை குறைவாகக் கேட்கப்படுகிறது. வீட்டு வாடகையிலும் மளிகைச் செலவிலும் அவளுக்குரிய பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் பங்கீடு. நீங்கள் சம்பாதிப்பதால் அவருடைய பொறுப்பு நீங்கிவிடாது. அதே வேளையில், முழுச் சுமையும் அவருடையது என்று வாதிடுவதும் உங்கள் மனுவைப் பலவீனப்படுத்தும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையின் கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தையே ஏற்க வேண்டும் என்றும், தாய்க்குப் போதுமான வருமானம் இருந்தால் இருவரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்றும் கூறியது. எடுத்துக்காட்டாக, அவர் கையில் 60,000 ரூபாயும் நீங்கள் 30,000 ரூபாயும் பெற்று, மகளின் செலவு 18,000 ரூபாய் ஆகிறது என்றால், அவர் 12,000 ரூபாய் தருவது நியாயம். காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பதும், இரவில் கண் விழிப்பதும் நீங்கள்தான் என்பதால், அதற்கும் சற்றுக் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை என்றே நான் கருதுகிறேன்.

அதே தீர்ப்பின்படி இருவரும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் சம்பளத்தை ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் காட்டாதீர்கள். பொய் வெளிப்பட்டால் நம்பகத்தன்மை போய்விடும். அவர் தாமாக விரும்பி வாங்கிய கடனின் தவணைகளைக் காட்டித் தொகையைக் குறைக்க முயன்றால், நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை.

ஐந்து மாத நிலுவையைத் தனியாகக் கையாள வேண்டும். தீர்ப்பாணையிலேயே தொகை இருப்பதால், அதை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட்டு அவருடைய சம்பளத்தை ஜப்தி செய்யக் கோரலாம். பராமரிப்புத் தீர்ப்பாணை என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே ஜப்தியிலிருந்து விலக்கு உண்டு. பராமரிப்பு பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவின் கீழ் உத்தரவு பெற்றிருந்தால், தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும் என்ற வரம்பு உண்டு. நீங்கள் எந்த வழியில் சென்றாலும் தாமதிக்க வேண்டாம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பணம் வரவில்லை என்பதற்காக மகளை அவர் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். பார்வை உரிமையும் பராமரிப்பும் வெவ்வேறு. ஒன்றை மற்றொன்றுக்குப் பணயமாக வைத்தால் அடிபடுவது அந்தப் பிள்ளைதான்.

வழக்குக்கு முன் சமரச மையத்தில் பேசிப் பார்ப்பது நல்லது. அங்கே உடன்பாடு ஏற்பட்டால், ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும், அவசர மருத்துவச் செலவை எப்படிப் பகிர்வது, எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்துவது என்பனவற்றை எழுத்தில் கொண்டுவந்து, நீதிமன்ற உத்தரவாகவே பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி பெறலாம். போகும்போது தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலையும், பணம் வராத ஐந்து மாதங்களுக்கான வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.