தடைக்காலமும் போனும் – ஒரு கடிதம்

அண்ணே,

பேர் போட்டுறாதீங்க. தங்கச்சிமடம் பக்கம், விசைப்படகுல போறேன், வயசு 29, கல்யாணமாகி ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. ரெண்டு வருசமா ராத்திரி போன்ல அந்த மாதிரி வீடியோ பாக்குறேன். எல்லாரும் தூங்குனதும் மாடில தண்ணி டேங்குக்குப் பின்னாடி போய் உக்காந்தா மணி மூணு ஆயிடுது, ரெண்டு தடவ தொழிலுக்கே போகல. கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடித் தடைக்காலத்துல இன்னும் மோசம். கோயில்ல சத்தியம் பண்ணேன், ஒரு வாரம்தான் தாங்குச்சு. இப்பல்லாம் பாத்தா சந்தோசம்கூட இல்ல, ஆனாலும் கை போகுது. வீட்டுல நான் வேற பொண்ணுகூட பேசுறேன்னு சந்தேகப்படுறா. உடம்பு சத்தெல்லாம் போயிருச்சோன்னு பயமா இருக்கு, டிவில வர்ற வைத்தியர் ராம்நாட்டுல லாட்ஜுக்கு வர்றாராம், போகலாமா? படகு முதலாளி சம்மாட்டிகிட்ட வாங்குன அட்வான்ஸும் அப்படியே நிக்குது. இது வியாதியா, நான் கெட்டவனா?

— பெயர் வேண்டாம்

தம்பி,

மொதல்ல லாட்ஜ் விசயத்த முடிச்சிருவோம், போகாதீங்க. ஒரு சொட்டு விந்து நாப்பது சொட்டு ரத்தம்னு நம்ம ஊர்ல சொல்றதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது, உடம்பு அது பாட்டுக்குத் தயார் பண்ணிக்கிட்டே இருக்கும். சத்து போச்சுங்கிற இந்த பயத்துக்கே 1960ல மனநல டாக்டர் என்.என்.விக் ‘தாது சிண்ட்ரோம்’னு பேர் வச்சாரு. அந்த பயத்தை வச்சுத்தான் லேகிய டப்பா விக்குறாங்க. நானும் இருவது வயசுல ஒரு டப்பா வாங்கித் தின்னவன்தான், பேதிதான் ஆச்சு.

வியாதியான்னு கேட்டீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் 2022 ஜனவரில புதுசா நடைமுறைக்கு வந்துச்சு, அதுல கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைன்னு ஒன்ன சேத்திருக்காங்க. குடி, சூதாட்டம் மாதிரி அடிமைத்தனம்ங்கிற வரிசைல வைக்கல, உந்துதல அடக்க முடியாத கோளாறுகளோட வச்சிருக்காங்க. அமெரிக்க மனநல டாக்டர்களோட புத்தகத்துல இது இன்னும் தனி வியாதியா ஏறவே இல்ல, சண்டை ஓடிட்டுதான் இருக்கு. அதனால யூடியூப்ல எவனாவது ‘மூளை அழிஞ்சு போச்சு’ன்னு கத்துனா நம்பிராதீங்க.

எவ்வளவு பாக்குறீங்கன்னு மணிக்கணக்கு வச்சு உலக சுகாதார நிறுவனம் முடிவு பண்றதில்ல. ஆறு மாசமோ அதுக்கு மேலயோ, நிறுத்தணும்னு பல தடவ முயற்சி பண்ணியும் முடியாம, வேலை குடும்பம் உடம்பு எல்லாம் கெட்டும் விடாம, சந்தோசமே இல்லாட்டியும் தொடர்றதான்னு பாப்பாங்க. இன்னொண்ணும் தெளிவா எழுதியிருக்காங்க, ‘இது பாவம், நான் தப்பு பண்றேன்’ங்கிற மனக்கஷ்டம் மட்டும் இருந்தா அது இந்தக் கோளாறு இல்ல. ஏன்னா வாரம் ஒருதடவ பாத்துட்டு வாரம் முழுக்க அழுறவங்க நிறைய. உங்க கதைல ரெண்டும் கலந்து கெடக்கு. தொழிலுக்குப் போகாதது, சத்தியம் நிக்காதது, சந்தோசம் போனது, இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது. கெட்டவனாங்கிற கேள்வி வேற, அதுக்கு டாக்டர் தேவையில்ல, நீங்க கெட்டவன் இல்ல.

அந்தக் கேள்விதான் உங்கள திரும்பத் திரும்ப மாடிக்கு ஏத்துதுன்னு எனக்குத் தோணுது. பாத்துட்டு அசிங்கமா இருக்கும், அந்த அசிங்கத்த மறக்க மறுபடி போன், சத்தியம் ஒடஞ்சா ‘எப்படியும் ஒடஞ்சிருச்சு’ன்னு விடிய விடிய. அதனால இனிமே சத்தியம் வேணாம். பத்து நாளைக்கு கை போன்ல போறதுக்கு முந்தின அரைமணில என்ன நடந்துச்சுன்னு மட்டும் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. யாரு பேசுனா, என்ன கணக்கு வந்துச்சு, தூக்கம் வந்துச்சா இல்லையா. மனநல டாக்டர்ட்ட போனா அவங்களும் கிட்டத்தட்ட இதுலதான் ஆரம்பிப்பாங்க. மனச்சோர்வு இருந்தா அதுக்குத் தனியா மருந்து உண்டு. சில நேரம் மத்த மாத்திரையே காரணமாகும், கைநடுக்க வியாதியான பார்க்கின்சனுக்குக் கொடுக்குற சில மாத்திரை இப்படி உந்துதல ஏத்திவிடும், அதனால என்ன மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லணும்.

மனநல டாக்டர்னா நம்ம ஜில்லால தயங்குறது எனக்குத் தெரியும். 2001ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் கட்டுன சங்கிலியோட செத்ததை என் வயசுக்காரங்க யாரும் மறக்கல. இது அது இல்ல தம்பி. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில ஓபி சீட்டு போட்டு உக்காரலாம், கூச்சமா இருந்தா மொதல்ல 14416க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம்.

வீட்டுல சொல்லணுமான்னு நீங்க கேக்கவே இல்ல, ஆனா நான் சொல்றேன். என்ன வீடியோன்னு ஒண்ணொண்ணா ஒப்புவிக்க வேணாம். ‘வேற பொண்ணு யாரும் இல்ல, ராத்திரி போன விட முடியல, டாக்டர்ட்ட போகப்போறேன்’, இவ்வளவு போதும். இல்லாத ஒருத்திய நெனச்சு அவ தினமும் தூங்காம இருக்கறது அதவிட பெரிய கஷ்டம்.

கடைசியா, உங்க கடிதத்த மறுபடி படிச்சேன். போனப் பத்தி அத்தனை வரி, அட்வான்ஸ் பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் போறபோக்குல. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கட்டிக் கெடக்கும்போதுதான் மோசம்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. அந்தக் கடன் எவ்வளவு, சம்மாட்டிகிட்ட உக்காந்து பேசிட்டீங்களா?