சின்ன லேப்டாப் எல்லாம் ஒன்றா? நெட்புக்கும் அல்ட்ராபோர்ட்டபிளும்

கேள்வி: அண்ணாச்சி, என் மகள் பாளையங்கோட்டையில் பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறாள். தினமும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் ஜங்ஷன் போய், அங்கிருந்து பஸ். கனமில்லாத லேப்டாப் வேண்டும் என்கிறாள். கடையில் 11.6 அங்குலத் திரையோடு புதியது ஒன்று 17,500 ரூபாய் சொன்னார்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். "அது வெறும் நெட்புக், வாங்காதீங்க மாமா" என்கிறான் அக்கா மகன். அவன் காட்டுவது பழைய டெல் லேட்டிட்யூட் 7290, 12.5 அங்குலம், 21,000 ரூபாய். அது அல்ட்ராபோர்ட்டபிளாம். என் மச்சினனோ, "ரெண்டும் ஒரே சைஸு, ஒரே கனம். பேரை மாத்தி ஏமாத்துதானுவ" என்கிறார். யார் சொல்வது சரி? எதை வாங்க?

பதில்: அண்ணாச்சி, தராசு வைத்துப் பார்த்தால் உங்கள் மச்சினன் பக்கம்தான் நியாயம். லேட்டிட்யூட் 7290 ஏறக்குறைய 1.2 கிலோ. 11.6 அங்குலப் பெட்டிகளும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். மகளின் பைக்குள் போட்டால் எது எது என்று தோளுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி எதனால் சின்னதாயிற்று என்று கேட்டால், அக்கா மகன் சொல்வதுதான் சரி.

உங்கள் ரயில் போகும் வழியில்தானே பத்தமடை. சாதாரணக் கோரைப்பாயை அளவு குறைத்து நெய்தாலும் சின்னப் பாய்தான், விலையும் குறையும். பட்டுப்பாய் அப்படியில்லை. கோரையை நூலாகக் கிழித்து நெய்வதால்தான் அது மடித்து வைக்கிற அளவுக்கு மெல்லிசாக வருகிறது. விலை ஏறுவதும் அதனால்தான். நெட்புக் முதல் வகை. திரை, சிப், நினைவகம் எல்லாவற்றையும் குறைத்து, விலையைக் குறைத்து, அதனாலேயே சின்னதான பெட்டி. அல்ட்ராபோர்ட்டபிள் என்றால், ஒரு முழு லேப்டாப்பின் வேலையைக் கைவிடாமல், கூடுதல் பணம் போட்டுச் சின்னதாக்கியது.

இரண்டும் சந்தைக்கு வந்த கதையைப் பார்த்தாலே இது விளங்கும். 2007 கடைசியில் ஆசூஸ் கம்பெனி ஈ பிசி 701 என்ற பெட்டியை இறக்கியது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி இடம், உள்ளே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அமெரிக்காவில் விலை 399 டாலர். இரண்டே மாதம் கழித்து, 2008 ஜனவரியில், ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அது 13.3 அங்குலம், 1.36 கிலோ, 1,799 டாலர். எடை வித்தியாசம் அரைக் கிலோகூட இல்லை. விலை நாலு மடங்குக்கும் மேல். மேக்புக் ஏருக்காகவே இன்டெல் தன் கோர் 2 டுவோ சிப்பைச் சின்ன உறையில் அடைத்துக் கொடுத்தது. நெட்புக்குகளுக்கு அது 2008இல் கொடுத்தது ஆட்டம் (Atom) என்ற சிப். 2.5 வாட்டில் ஓடும், மலிவு. ஒரே நேரத்தில் நாலு வேலை கொடுத்தால் மூச்சு வாங்கும்.

அப்புறம், எல்லைக்கோட்டைப் போட்டதில் மைக்ரோசாஃப்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மலிவு விலையில் விண்டோஸ் எக்ஸ்பி வேண்டுமானால் ராம் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது, திரை இன்ன அளவுக்கு மேல் போகக்கூடாது என்று கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது. அந்தக் காலத்து நெட்புக் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி 10 அங்குலம், 1 ஜிபி என்றே இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது! தன் விலையுயர்ந்த சரக்கை இது தின்றுவிடக்கூடாது என்ற பயம்தான், வேறென்ன.

வரம்புக்குள் அடங்காததும் வந்தது. 2009இல் சோனி விட்ட வயோ பி, 8 அங்குலத் திரையும் ஆட்டம் சிப்பும் கொண்டது. விலையோ சுமார் 900 டாலர். இது நெட்புக்கே இல்லை என்று சோனி சாதித்தது. என்னைக் கேட்டால், உடம்பு அல்ட்ராபோர்ட்டபிள், மூளை நெட்புக். அதிகக் காசு கொடுத்து மெதுவான சாமான் வாங்குவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2010இல் ஐபேட் வந்தது. 2013இல் ஈ பிசி வரிசையே நின்றது. பெயர் போய்விட்டது, சரக்கு போகவில்லை. இன்று கடைக்காரர் அதை "ஸ்டூடன்ட் லேப்டாப்" என்பார். உங்களுக்குச் சொன்ன 17,500 ரூபாய்ப் பெட்டி அநேகமாக அதன் வாரிசுதான்.

அதில் என்னை உறுத்துவது அந்த 64 ஜிபி. பெரும்பாலும் அது எஸ்எஸ்டி, அதாவது வேகமான தனிச் சேமிப்பகம், ஆக இருக்காது. இஎம்எம்சி என்கிற வகையாக இருக்கும். மலிவு செல்போன்களில் இருக்கிற அதே சிப், போர்டிலேயே பற்றவைத்தது. 64 ஜிபி என்று எழுதியிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 58 பக்கம்தான். அதில் பாதியை விண்டோஸும் அதன் மீட்புக் கோப்புகளும் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. குறைந்தபட்ச ராம் 4 ஜிபி. அதாவது உங்கள் மகள் வாங்கிய அன்றைக்கே அந்தப் பெட்டி வாசற்படியில்தான் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டுக்கு இடம் போதாமல் பாதியில் நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த நோட்ஸை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முயல வேண்டும். சரி, கழற்றிப் பெரிதாகப் போடலாமே என்றால் பற்றவைத்ததை எங்கே கழற்ற? சிப் பழுதானால் போர்டோடு போச்சு. சர்வீஸ் மேசையில் இப்படி ஒரு பெட்டியைப் பிரித்து, மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை என்று பெற்றவர்களிடம் சொல்வது சங்கடமான வேலை அண்ணாச்சி.

பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு என்பதைத் தட்டினால் சிப்பின் பெயர் மேலே வரும். செலரான் என் 4020 மாதிரி இரண்டே கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் தனிப் பகுதி) உள்ளது என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வரலாம். மெமரியைத் தட்டினால் ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். சோடிம் என்றிருந்தால் ராமைக் கழற்றி மாற்றலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பற்றவைத்தது, ஆயுசுக்கும் அதே 4 ஜிபி. இடம் எஸ்எஸ்டியா இஎம்எம்சியா என்பதைக் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதித் தரக் கேளுங்கள். எழுதத் தயங்கினால் விடை தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிவு என்றாலே மட்டம் என்று அக்கா மகன் நினைத்தால் அதுவும் தப்பு. 2023இல் இன்டெல் என் 100 என்றொரு சிப் வந்தது. 6 வாட், 4 கோர். குலத்தால் அது ஆட்டத்தின் பேரன். ஆனாலும் 8 ஜிபி ராமும் நிஜ எஸ்எஸ்டியும் கூட இருந்தால் எக்ஸெல், பிரவுசர், ஆன்லைன் வகுப்பு எல்லாம் முகம் சுளிக்காமல் செய்யும். பழைய வரையறைப்படி அது நெட்புக். வேலையை வைத்துப் பார்த்தால் முழு லேப்டாப். அப்படி ஒன்று உங்கள் பட்ஜெட்டில் புதிதாக, வாரண்டியோடு கிடைத்தால் நான் பழையதை வாங்கவே சொல்ல மாட்டேன். கடையில் சொன்னது அது இல்லையே, அதுதான் விஷயம்.

பி.காம். என்பதால் டேலி என்ற கணக்கு மென்பொருள் பெரும்பாலும் வரும். அதன் இப்போதைய வடிவமான டேலிபிரைம் விண்டோஸுக்கானது. ஆகவே குரோம்புக்கோ, ஜியோபுக் மாதிரி வேறு ஓஎஸ் உள்ளதோ விலை குறைவு என்று யாராவது காட்டினால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது லேட்டிட்யூட். இது பெரிய ஆபீஸ்களுக்கென்று செய்த வரிசை. ராமுக்கு ஒரு ஸ்லாட் இருக்கிறது, எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாம், அடிமூடியைத் திறந்தால் பேட்டரியும் ஸ்குருவில்தான் நிற்கும். டைப் சி வழியாகவும் சார்ஜ் ஏறும். சிப் ஐ5 8250யு அல்லது 8350யு என்று 8இல் தொடங்க வேண்டும். 7இல் தொடங்கினால் வேண்டாம். விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் அது வராது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி இருக்கட்டும். திரையின் புள்ளிகள் 1366க்கு 768 என்றிருந்தாலும் பாதகமில்லை.

ஆக, நான் வாங்குவதென்றால் லேட்டிட்யூடைத்தான் வாங்குவேன், பேட்டரியைப் பார்த்துவிட்டு. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு ஸ்லாஷ், ஒட்டினாற்போல் பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அறிக்கை சேமிக்கப்படும். அக்கா மகனுக்குத் தெரிந்திருக்கும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள். உதாரணமாக முதலாவது 42,000, இரண்டாவது 25,000 என்றால் பேட்டரி நாற்பது சதவீதம் தேய்ந்துவிட்டது. அப்படியிருந்தால் புதுப் பேட்டரிக்கு ஆகும் பணத்தை 21,000த்தில் கழித்துக் கேளுங்கள். கீல் இரண்டையும் திறந்து மூடிப் பாருங்கள், எல்லாப் பட்டனையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள், கடை வாரண்டி எத்தனை மாதம் என்பதைப் பில்லில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் மச்சினனையும் கூட்டிப் போங்கள். பேரம் பேச அவர்தான் சரியான ஆள் என்று தோன்றுகிறது.