உங்களை மிகவும் பாதித்த வெளிநாட்டு நடிகை யார்? ஏன்?

அன்னா மன்யானி. இத்தாலி நடிகை என்றாலே பலருக்கும் சோபியா லாரன்தான் நினைவுக்கு வருவார். எனக்கு மன்யானிக்குப் பிறகுதான் மற்றவர்கள்.

இத்தாலிய இயக்குநர் ரோஸலினியின் ‘ரோம், திறந்த நகரம்’ (1945) படத்தைப் பாருங்கள். நாஜிகள் ரோமை விட்டுப் போய் ஓராண்டுகூட ஆகாதபோது படப்பிடிப்பு தொடங்கியது. மன்யானிக்கு பீனா என்ற விதவையின் வேடம். ஒரு பையன் இருக்கிறான், இன்னொரு பிள்ளை வயிற்றில். மறுமணம் நடக்கவேண்டிய நாளில் ஜெர்மன் சிப்பாய்கள் குடியிருப்பைச் சுற்றி வளைத்து, மாப்பிள்ளையை லாரியில் ஏற்றுகிறார்கள். பிடித்திருக்கும் சிப்பாயை உதறிவிட்டு, “பிரான்செஸ்கோ!” என்று கத்திக்கொண்டு லாரியின் பின்னால் ஓடுகிறாள். ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது. குண்டுச் சத்தம். ஓடிய வேகத்திலேயே விழுகிறாள், ஆடை விலகிக் கால் தெரிய. எந்த நடிகையும் விழும்போது கொஞ்சமாவது தன்னைப் பார்த்துக்கொள்வார். இவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, “ஐயோ, புள்ளத்தாச்சியச் சுட்டுட்டானுங்களே!” என்று கத்திவிட்டார். அவருக்கு இத்தாலிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அப்படியே நிறுத்தச் சொன்னார். மீதிப் படத்தை நான் மட்டும் இரவில் பார்த்தேன். பீனா சாகும்போது படம் பாதிதான் ஓடியிருக்கும். ஆனால் முடியும்வரை அவள் போகவே இல்லை.

அது முழுக்கக் கற்பனையும் அல்ல. 1944 மார்ச் 3 அன்று, பிடித்துவைக்கப்பட்ட கணவனைப் பார்க்கப் போன தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணியை ரோமில் ஜெர்மன் சிப்பாய் சுட்டுக்கொன்றான். ஐந்து பிள்ளைகளின் தாய் அவர்.

மன்யானி 1908இல் ரோமில் பிறந்தவர். அப்பா யாரென்றே தெரியாது. அம்மா எகிப்துக்குப் போய்விட, பாட்டிதான் வளர்த்தார். இரவு விடுதிகளில் பாடி, மேடையில் நகைச்சுவை நடிகர் தோத்தோவோடு நகைச்சுவை நடித்து மெல்ல மேலே வந்தார். ஒரே மகன் லூக்காவைக் குழந்தையிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கியது. ‘பெல்லீஸிமா’விலும் ‘மம்மா ரோமா’விலும் பிள்ளைக்காக ஊரோடு மல்லுக்கட்டும் தாயாக அவரைப் பார்க்கையில் எனக்கு லூக்காவின் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் ‘தி ரோஸ் டாட்டூ’ நாடகத்தை இவரை மனதில் வைத்தே எழுதினார். ஆங்கிலம் போதாது என்று மேடையில் நடிக்க மறுத்தவர், 1955இல் வந்த படத்தில் நடித்தார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்ற முதல் இத்தாலியர் இவர்தான். லாரனுக்கு அந்த விருதைத் தந்த ‘டூ விமன்’ தாய் வேடமும் முதலில் மன்யானிக்காகத்தான் பேசப்பட்டது. அப்போது மகளாக நடிக்கவிருந்த லாரனுக்கு அம்மாவாக நடிக்க இவர் சம்மதிக்கவில்லை. சம்மதித்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

காதலராக இருந்த ரோஸலினி இவரை விட்டு நடிகை இங்கிரிட் பெர்க்மனிடம் போனது உலகமே பேசிய கதை. அதே ரோஸலினி, கடைசிக் காலத்தில் படுக்கையருகே இருந்தார்.

கடைசியாகத் திரையில் வந்தது இயக்குநர் ஃபெலினியின் ‘ரோமா’வில் (1972), சில நொடிகள் மட்டும். இரவில் வீடு திரும்புகிறவரை ஃபெலினி கேள்வி கேட்டபடி பின்தொடர்கிறார். வாசலில் திரும்பி, போய்த் தூங்கு, உன்னை நம்பமாட்டேன் என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று, அதே ரோமில், புற்றுநோயால் காலமானார். வயது 65.